பாதி பெட்ரோல், பாதி கரண்ட்

பேச்சிராஜா தாராவியில் தோல் பை தைக்கிறவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவருடைய உத்தியோகம், எங்கள் சந்துக் கணபதி பந்தலில் வருஷாவருஷம் ரேஸ் கார் சத்தம் போடுவது. மேடையில் மைக் முன்னால் நின்று, வாயால்தான். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அந்த வருஷம் எந்த இன்ஜினோ, அதே சத்தத்தில் முழுசாக ஒரு சுற்று சுற்றி வருவார்.

விதியை மட்டும் மீற மாட்டார். பத்து சிலிண்டர் காலத்தில் பந்தலே அதிர்ந்தது. பந்தயத்தில் எட்டாகக் குறைத்தார்கள், இவரும் குறைத்தார். ஆறாக்கியபோது, "என்னவே, மிக்ஸி ஓடுது?" என்று கூட்டம் கேலி செய்தது.

"நானா மாத்துனேன்? ரூல் மாறிட்டு மக்கா" என்று கையை விரித்தார். இப்படி ஒரு கிறுக்கனை நாங்களும் கட்டி அழுதோம்.

போன வருஷம் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். தோல் ஒட்டும் பசையின் நெடி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். "அடுத்த வருஷமும் முடிக்கலன்னா உமக்குப் பதிலா டிஜே ஸ்பீக்கர் பாக்ஸ்தான்" என்று சொல்லிவிட்டார் பந்தல் கமிட்டித் தலைவர் பூலோகம். பேச்சிராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் 2026-இன் புது விதி அவர் காதில் விழுந்தது. காரின் பலத்தில் ஏறக்குறைய பாதி, பேட்டரியிலிருந்து வரவேண்டுமாம்.

"ஏட்டி, பாதி கரண்டாம்!" என்று மனைவி விஜயராணியிடம் ஓடினார். "கரண்டுக்குச் சத்தம் ஏது? எவனோ புண்ணியவான் என் மூச்சப் பாத்து எழுதியிருக்கான்."

பெட்ரோலும் கரண்டும் சேர்ந்துதான் ஓடும், கார் ஊமையாகிவிடாது என்று சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்டால்தானே.

விழாவன்று பாதிச் சுற்று உறுமினார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு, வளைவுக்கு வளைவு உடம்பை மட்டும் சாய்த்தார்.

"கரண்ட் போச்சு!" என்று கூட்டம் கத்தியது. பூலோகம் ஓடிப்போய் மைக் வயரைப் பிடுங்கி மாட்டினார். யாரோ ஜெனரேட்டரை வேறு ஓடவிட்டார்கள். பந்தல் முழுக்க பல்பு எரிந்துகொண்டிருந்ததை ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சிராஜா நிதானமாகச் சுற்றை முடித்து பிரேக் போட்டார்.

"போவலவே! இவ்வளவு நேரமும் கரண்டுலதான் ஓடிச்சு."

விசில் பறந்தது. பூலோகமும் சிரித்துவிட்டார். "சரி, முடிச்சிட்டேரு. ஆனா எட்டு சிலிண்டர் திரும்ப வரலாம்னு பேசுதாவ. அப்பம் முழுச் சத்தம் வேணும், ஆமா."

பேச்சிராஜாவின் முகம் செத்துப்போனது. எங்களுக்கே பாவமாக இருந்தது. விஜயராணி மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"வரட்டும் அண்ணாச்சி. அதுக்கு உங்க பாக்ஸ வச்சிக்கிடுங்க. எனக்கு இவுக மூச்சு ஓடுனாப் போதும்."