நட்சத்திரமும் பிறந்த வருஷமும்

எங்கள் வீட்டில் எல்லோருடைய கடவுச்சொல்லையும் நான்தான் வைத்தேன். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு. பிறகு கோபர்கைரனேயில் இருக்கும் மைத்துனர் குடும்பத்துக்கும். முறை ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் ஜன்ம நட்சத்திரம், அதை ஒட்டிப் பிறந்த வருஷம். யாருக்கும் மறக்காது என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

நான் விவரம் தெரியாதவன் அல்ல. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்த குமாஸ்தாக்களை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் யாருக்குக் கணக்குத் திறக்காவிட்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

மகளின் மின்னஞ்சலை அவள் கல்லூரியில் சேர்ந்தபோது நான் தொடங்கிக் கொடுத்தேன். ஏதாவது சிக்கல் என்றால் தகவல் போகவேண்டிய எண்ணாக என் எண்ணையே கொடுத்தேன். அவள் வேலைக்குப் போய், சொந்தமாகச் சம்பாதித்து, முப்பதை நெருங்கிய பிறகும் அது மாறவில்லை. ஒரு முறை அவளாகவே பாதுகாப்பைக் கூட்டினாள். கடவுச்சொல்லோடு நிற்காமல், அவளுடைய போனுக்கு வரும் எண்ணையும் கொடுத்தால்தான் திறக்கும்படி செய்துவிட்டாள். வருஷா வருஷம் அவளுடைய வருமான வரிக் காகிதங்களை அதிலிருந்து எடுத்து அச்சடிப்பவன் நான். அந்த முறை எடுக்கப் போனபோது திறக்கவில்லை. ஆபீசில் மீட்டிங்கில் இருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டியதாயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்தவளிடம் பிடித்துக்கொண்டேன்.

"இந்த ஆத்துல யாரு திருடன்? எங்கிட்டேருந்து எதை மூடி வெக்கறே நீ?"

"உங்களுக்காக இல்லப்பா. வெளில இருக்கறவாளுக்காக."

"வெளில இருக்கறவனுக்கு உன் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

அவள் என் கண்ணெதிரிலேயே அதை எடுத்துவிட்டாள். எனக்கு அது ஒரு வெற்றியாகத் தெரிந்தது.

அந்த வருஷம்தான் ஜாதகம் எடுத்தோம். வரன் பார்ப்பது இப்போது கைபேசிக் குழுக்களில்தான். மாட்டுங்காவுக்கு ஒன்று, செம்பூருக்கு ஒன்று, பம்பாய் முழுவதற்கும் ஒன்று. ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்கும்: புகைப்படம், நட்சத்திரம், பிறந்த தேதி, நேரம், ஊர், கோத்திரம், படிப்பு, வேலை செய்யும் இடம், போன் எண், மின்னஞ்சல், வீட்டு விலாசம். மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். நட்சத்திரமும் வயதும் போதும், மற்றதைக் கேட்பவர்களுக்குப் பிறகு கொடுக்கலாம் என்றாள். சரி என்று அப்படியே அனுப்பினேன்.

மறுநாள் காலை செம்பூர்க் குழுவை நடத்துகிறவர் அழைத்தார். என்னைவிட வயதில் சிறியவர், பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும்.

"என்ன மாமா, பாதி ஜாதகம்தான் வந்திருக்கு? பொறந்த தேதி இல்லை, நேரம் இல்லை. தோஷம் ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கேளோன்னு நாலு பேர் கேக்கறா."

ஒளித்து வைக்கிறோம் என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் மனிதர்களிடம் ஜாதகத்தில் ஒரு வரி குறைந்தால் பெண்ணிடம் ஏதோ குறை என்று அர்த்தம். போனை வைத்ததும் முழுப் பக்கத்தையும் மூன்று குழுக்களுக்கும் அனுப்பினேன். மகளிடம் சொல்லவில்லை.

செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு. பையனும் மகளும் சில வாரங்கள் போனில் பேசினார்கள். பிறகு அவள் வேண்டாம் என்றாள். போன் பிஸியாக இருந்தால் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்கிறானாம். இது ஒரு காரணமா என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் வழக்கப்படி, ஜாதகம் சரியாகச் சேரவில்லை என்று அவன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் தங்கள் ஜோசியரிடம் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். நன்றாகவே சேர்ந்திருந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து மகளுக்குத் தெரியாத எண்களிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. நேற்று சயானில் யார் வீட்டில் இறங்கினாய்? டாக்டரைப் பார்க்கப் போனாயே, என்ன உடம்பு? எல்லாம் உண்மை. அவள் டாக்சியில் போய் இறங்கும் ஒவ்வொரு இடமும் ரசீதாக அவளுடைய மின்னஞ்சலுக்கு வரும் என்பதை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஓர் எண்ணைத் தடுத்தால் இன்னோர் எண்ணிலிருந்து வந்தது. அவள் ஸ்டேஷனில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். சாப்பாடு குறைந்தது. போன் மணி அடித்தால் என் மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

யார் என்று யோசித்தபோது எனக்கு ஒரே ஒருவர்தான் தோன்றினார். தாராவியில் லேபர் கேம்ப்புக்குப் போகும் சாலையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். நாற்பது வயது இருக்கும். வருஷக்கணக்காக எங்கள் வீட்டுப் போன்கள் எல்லாம் அவர் கடைக்குத்தான் போயின. சமீபத்தில் மகளின் போன் திரை உடைந்தபோது நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் திறக்கும் எண்ணையும் கேட்காமலே நானே சொன்னேன்.

"அவர் அப்படியெல்லாம் பண்ணுவாராப்பா?" என்றாள் மகள்.

"ரெண்டு நாள் அவன்கிட்டதானே இருந்தது? நம்பர் வேற யாருக்குத் தெரியும்?" என்றேன். அதுவரை அவர் என் வாயில் 'அவர்'தான். அன்று 'அவன்' ஆகிவிட்டார்.

போலீஸ் நிலையத்தில் நானே இந்தியில் விளக்கினேன். கடைக்காரரின் பெயரைச் சொன்னதும் அதிகாரியின் பேனா வேகம் பிடித்தது. அதைக் கவனித்தேன். கவனித்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். செம்பூர்ப் பையனின் பெயர் என் மனதில் ஒரு கணம்கூட எழவில்லை. ஜாதகம் பார்த்து, வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுப் போனவன் அல்லவா.

கடையிலிருந்த கம்ப்யூட்டரையும் வாடிக்கையாளர்களின் போன்களையும் போலீசார் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மகளின் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கினேன். பிறகு அதே கணக்கை, அதே நட்சத்திரத்தையும் வருஷத்தையும் போட்டுத் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. பிறகு மறுபடியும் வந்தது.

ஒரு புதன்கிழமை என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்கு ஒரு ஜாதகத்தை அனுப்பினார். யாருடையது என்று கவனிக்காமல், எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார். உங்கள் மைத்துனர் பிள்ளைக்குப் பாருங்கள், நல்ல இடமாகத் தெரிகிறது என்று ஒரு வரி. திறந்தேன். என் மகளுடைய ஜாதகம்.

பெற்றவனாக இல்லாமல் அந்நியன் ஒருவனாக அதை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். மேலே உத்திராடம். அதற்கடுத்து பிறந்த வருஷம். கீழே மின்னஞ்சல் முகவரி. நட்சத்திரத்தையும் வருஷத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க எவனுக்கும் தோன்றும். பூட்டையும் சாவியையும் ஒரே தாளில் அச்சடித்து ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறேன். வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் என் போனில் ஓர் எச்சரிக்கை வந்தது: மகளின் கணக்கு ஒரு புதிய கருவியில் திறக்கப்பட்டிருக்கிறது, அது நீங்கள்தானா? தினம் வரும் தொந்தரவுகளில் ஒன்று என்று விரலால் தள்ளிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நிமிஷமே நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. கடவுச்சொல்லை நானே மாற்றினால் அவள் போனில் மெயில் திறக்காது, ஏன் என்று கேட்பாள். கேட்டால் முழு ஜாதகத்தை அனுப்பியதைச் சொல்லவேண்டும். கடைக்காரரைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருக்கும்போது, ஏதோ புது விதி வந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் கதவை இன்னும் சில நாட்கள் திறந்து வைத்தேன். இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குர்லா ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் அவன் அவளை மறித்தான். செம்பூர்ப் பையன். தோள்பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த வாரம் அவள் போன இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னானாம். சுற்றிலும் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்கள். அவள் எங்களுக்கும் சொல்லாமல் புனேயில் ஒரு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாள். வேலை கிடைத்துக் கடிதமும் வந்திருந்தது. "நீ போக வேண்டாம். எனக்கு இஷ்டமில்லைன்னு உனக்குப் பதிலா நானே எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தானாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பையின் பட்டை ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"என் மெயிலுக்குள்ள உக்காந்துண்டிருக்கான்ப்பா. எப்படி வந்தான்?"

சொன்னேன். ஜாதகத்தை, நட்சத்திரத்தை, எச்சரிக்கையை, எல்லாவற்றையும். என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

"அந்தக் கடைக்காரர் வேலையே இல்லாம உக்காந்திருக்காரேப்பா," என்றாள். "அவர்கிட்ட யாரு போய்ச் சொல்லப் போறா?"

பிறகு என் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். அவளுடைய கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பக்கத்தை எடுத்தாள். அப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தெரியும், ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுடைய போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், என்னுடையது, அவற்றோடு யாருடையதோ ஒரு போன். அதை வெளியேற்றினாள். தகவல் போகும் இடத்திலிருந்து என் எண்ணை நீக்கினாள். கடைசியில் என்னுடைய கம்ப்யூட்டரையும் வெளியேற்றினாள். புதுக் கடவுச்சொல்லைத் தன் போனில் அடிக்கும்போது திரையை மார்போடு சாய்த்துக்கொண்டாள்.

புனேக்காரர்களிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். போலீசார் செம்பூர்ப் பையனைக் கூப்பிட்டார்கள். அவன் அப்பா என்னை அழைத்து, இரண்டு குடும்பத்தின் மானம், உங்கள் பெண் பேரும்தானே கெடும் என்றார். ஜாதகம் சேரவில்லை என்று பொய் சொன்னது நீங்கள்தானே என்றும் கேட்டார். புகாரைத் திரும்பப் பெற மகள் மறுத்துவிட்டாள். உறவினர்களில் பாதிப்பேர் அவளிடம்தான் குறை கண்டார்கள். அவள் வேறோர் ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். எந்த ஊர் என்று என் மனைவிக்குத் தெரியும். புது எண்ணும் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்பதில்லை.

போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுத் தாராவிக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரும்பி வந்திருந்தது; கடையில் கூட்டம் வரவில்லை. எடுத்துச் செல்லப்பட்ட போன்களின் சொந்தக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் என்னை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"ஒங்க மவ போனத் தொறந்து பாக்குறவனா இருந்தா இந்தத் தெருவுல இத்தன வருசம் கட நடத்த முடியுமா, சொல்லுங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. நீங்க படிச்சவிய."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்புன்னு சொல்லுதிய. சரி. இனிமே போன் ஒடஞ்சா மாட்டுங்காவுலயே குடுத்துப் பாத்துக்கிடுங்க."

மகள் போவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஜாதகத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடவேண்டும். அது எவன் கையிலாவது இருக்கும்வரை எந்த ஊரிலும் நிம்மதியாக நடக்க முடியாது என்றாள். இப்போது எனக்கு அதுதான் வேலை. நான் அனுப்பியதை மூன்று குழுக்களிலும் எடுக்கச் சொன்னேன். அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். சிலர் அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். "என்ன மாமா, வேற எங்கயாவது ஃபிக்ஸ் ஆயிடுத்தா? ஸ்வீட் எப்போ?" என்று செம்பூர்க் குழுக்காரர் கேட்டார். ஒரு சிலர் அழித்துவிட்டுப் பிறகு அதே ஜாதகத்தை வேறு குழுவில் பார்த்ததாக நல்லெண்ணத்தோடு எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

போன வாரம் தாணேயிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். பெண்ணுக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்லி, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"அழிச்சுடறேன். ஆனா நேத்திக்குத்தான் எங்க நாத்தனாருக்கு அனுப்பினேனே. அவ நாலு குரூப்ல இருக்கா."

நாத்தனாரின் எண்ணைக் கேட்டேன். அந்த அம்மாள் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ. முன்ன பின்ன தெரியாதவாளுக்கு அவ நம்பரை எப்படிக் குடுக்கறது?"

கொடுக்க வேண்டாம் என்றேன். நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.