சேர்ந்த பின் உடைந்த கை

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் விதியை எழுதியவர்களே, நீங்கள் செய்தது அநியாயம்.

பள்ளியில் படித்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது முழங்கை உடைந்தது. அப்போது கல்யாண சீசன். கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைப் புடவையை அப்பா ஒருவரால் நெய்ய முடியாது. கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை எறியப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அதற்காக மாவுக்கட்டை முன்னதாகவே பிரித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தேன். எலும்பு கொஞ்சம் வளைந்து ஒட்டிக்கொண்டது. வலியில்லை, பலமும் குறையவில்லை.

ஆள் எடுப்பில் ஓட்டத்தில் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் கையைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். விதிவிலக்கு கேட்டுச் சென்னைக்கு மறுபரிசோதனைக்குப் போனேன்.

அங்கிருந்த ராணுவ டாக்டர் ஆற்காட்டுக்காரர். தண்டால் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். என்னுடையதைவிட அதிக வளைவு.

"டிரெயினிங்ல வுழுந்தேன்பா. சேர்ந்தப்புறம் உடைஞ்சா வெச்சிக்குவாங்க. உடைஞ்ச கையோட வந்தா சேத்துக்க மாட்டாங்க. விலக்கு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப, சேர்ந்ததுக்கு அப்புறம் கைய உடைச்சிக்கினிருக்கணுமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "நீ கேக்கறது சரிதான்" என்றார். வாசல்வரை வந்து, அந்த வளைந்த கையாலேயே என் கையைக் குலுக்கினார்.

எங்கள் ஊர் செவிலிமேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அந்தக் கை ஆகாதென்றால் அவர் எப்படி யூனிபார்மில் இருக்கிறார்? ஆகுமென்றால் நான் ஏன் வெளியே நிற்கிறேன்? விதியை எழுதியவர்கள் ஊரறியப் பதில் சொல்லுங்கள்.