பாதியில் நின்ற மெட்டு

ஹமாதி துனிஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தே தலை நரைத்தவர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தர்பூசணி வாங்கினால்கூட, கடைக்காரன் ஏன் குறிப்பாக இதை எடுத்துக் கொடுத்தான் என்று யோசிப்பார். அப்படிப்பட்டவர் மகளைப் பெண் கேட்டு வந்த நௌஃபலை மட்டும் சும்மா விடுவாரா? அவன் சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவன். தான் வேலை பார்த்த படத்துக்கு ஹமாதியையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தான். படம் முடிந்ததும் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிடுவதாக ஹமாதி வாக்குக் கொடுத்திருந்தார்.

"மூணு மணி நேரப் படத்துக்கு ஓசியில கூப்பிடுறான்னா எதையோ மறைக்கிறான்," என்றார் மனைவி ஸல்ஹாவிடம்.

"பையன் பக்கத்துலயே உக்காந்திருக்கான். வாயை மூடிட்டுப் பாருங்க."

படத்தில் ஒருவன் கதவொன்றை முதுகில் சுமந்து உப்பு ஏரியில் நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். ஒருவழியாகக் கதவைத் திறந்தால், உள்ளே மத்தி மீன்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. கூட்டம் புரிந்ததுபோலத் தலையாட்டியது. எவனுக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை, நடிக்கிறான்கள் என்று ஹமாதிக்குத் தோன்றியது. இசையைத்தான் குறை சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். திறந்தால் மீன்.

திடீரென்று கும்ப்ரி வாத்தியத்தின் தடித்த நரம்பு அதிர்ந்தது. பின்னாலேயே இரும்புத் தாளங்கள். ஹமாதியின் வலது கால் தானாக ஆடியது.

ஸ்தம்பேலி என்ற ஆவியாட்டச் சடங்கு நடக்கும் வீடுகளில் ஆளுக்கொரு மெட்டு உண்டு. தன் மெட்டு வந்தால் எழுந்து ஆடித்தான் தீர வேண்டும். ஆடுகிறவர் ஓய்ந்து உட்காரும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் படுத்த படுக்கையாகிவிடுவார். இளவயதில் இதே மெட்டுக்கு ஆடிய ஹமாதி, உத்தியோகம் கிடைத்ததும் கௌரவம் பார்த்து அந்த வீடுகள் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஸல்ஹாவைத் தவிர யாருக்கும், மகளுக்குக்கூட, இது தெரியாது.

"நீதானே அவன்கிட்ட சொன்னே?"

"அல்லா மேல ஆணை, நான் வாயே திறக்கலை!"

அடுத்த நொடி அவர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவிலிருந்த நடைபாதையில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். ஸல்ஹா ஓடிப்போய், வழக்கப்படி தன் சிவப்புச் சால்வையை அவர் தலைமேல் போர்த்தினாள். முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் இதுவும் படத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்.

சட்டென்று இசை அறுந்தது. திரையில் ஒரு கழுதை மௌனமாகச் செய்தித்தாள் படித்தது. சால்வைக்குள் ஹமாதி வெடவெடவென்று நடுங்கினார்.

"ஐயோ, பாதியில நின்னுடுச்சே!" என்று அலறினாள் ஸல்ஹா.

நௌஃபல் பாய்ந்து வந்து தரையில் மண்டியிட்டான். நாற்காலி மரத்தில் இரண்டு கைகளாலும் அதே தாளத்தைத் தட்டினான். விட்ட இடத்திலிருந்து மெட்டைப் பாடினான். கொட்டகை மேனேஜர் வந்து கத்தினார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹமாதி மெல்லத் தளர்ந்து தரையில் உட்கார்ந்த பிறகுதான் கையை எடுத்தான். விரல்களில் தோல் உரிந்திருந்தது.

ஹமாதி சால்வையை விலக்கி அவனை முறைத்தார்.

"இது கடைசிவரைக்கும் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மாவுக்கும் இதே மெட்டுதான், மாமா. அவங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். வெளியில சொல்லிடாதீங்க."

ஹமாதி சால்வை நுனியால் அந்த விரல்களைத் துடைத்தார்.

"அப்புறம் எதுக்குடா படத்துல பாதியில வெட்டினே?"

"நான் வெட்டலை மாமா. டைரக்டர் வெட்டிட்டார். சண்டைகூடப் போட்டேன்."

"அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாதே," என்றார் ஹமாதி.