கண்ணாடி வைத்த பீரோ

போன மாதம் மகனும் மருமகளும் என்னை ஓசூர் பக்கம் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடையா அது, உள்ளே ஒரு ஊரே இருந்தது. ஓரிடத்தில் முழுப் படுக்கையறை, அடுத்த வளைவில் சமையலறை. குழாய்கூட வைத்திருந்தார்கள், தண்ணீர்தான் வரவில்லை. திறந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள். அங்கே சுவர் அளவு இருந்த ஓர் அலமாரியைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. என் கை தானாக மேல்தட்டுக்குப் போனது. பின்னால் நின்ற மருமகள், "என்னங்க அத்தை, எட்டுதுங்களா?" என்றாள்.

எண்பதுகளில் ஒருநாள், இதே வாசனைக்கு நடுவில், இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயில் பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். எனக்கு இரண்டாவது ஓலை முடிந்த வாரம், அப்பா சீர்ச் சாமான் எடுக்கத் தருமபுரிக்குக் கிளம்பினார். அதற்கெல்லாம் பெண்ணைக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் எனக்கு மாமியாராக வரப்போகிறவர் மாரண்டஹள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்: "பொண்ணையும் கூட்டியாங்க. பீரோ மேல்தட்டு அவ கைக்கு எட்டணுமில்ல." அப்படி ஓர் அளவுகோலாகத்தான் நான் பஸ் ஏறினேன். என் உயரத்தை இன்னும் சொல்லவில்லை. சொல்லும்படி இல்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மாமியார் காத்திருந்தார். 'அத்தை' என்று மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். வாயில் வரவில்லை.

கடை மூன்று மாடி. மூன்று மாடிக்கும் கட்டிலும் நாற்காலியும் மட்டுமே விற்கிற கடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாசலிலேயே தேங்காய் நார் மெத்தையும் ரெக்சினும் பெயிண்ட்டும் கலந்த வாசனை. அப்பா வந்த வேலையை மறந்துவிட்டார். பாலித்தீன் உறை போட்ட சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். உறை சத்தம் போட்டதும் எழுந்துவிட்டார். சுற்றும் நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு சுற்று சுற்றினார்.

"நல்லா உக்காருங்க, சும்மாதான்," என்றார் கடைக்காரர்.

"உக்காந்துட்டங்க. எந்திரிக்கத்தான் தெரியல," என்றார் அப்பா.

பீரோக்கள் இரண்டாவது மாடியில் எதிரெதிராக இரண்டு வரிசை நின்றன. பல கதவுகளில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் வீட்டில் இருந்தது அப்பா சவரம் செய்கிற கண்ணாடி. அதில் முகத்தையே தவணை தவணையாகத்தான் பார்க்க முடியும், முதலில் நெற்றி, அப்புறம் வாய். தலை முதல் கால் வரை என்னை நான் அன்றுதான் பார்த்தேன். எதிர்க் கண்ணாடி வழியாக முதுகையும் பார்த்தேன். இத்தனை வருடம் நேராக இருப்பதாக நினைத்திருந்த சடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு தொங்கியது. யாராவது சொல்லியிருக்கலாம். கண்ணாடி வைத்த பீரோதான் வேண்டும் என்று மனசு அங்கேயே நின்றுவிட்டது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"கண்ணாடி வேணாங்க," என்றார் அத்தை. "எங்க வூட்டுச் சேவலு உள்ளாறதான் சுத்தும். கண்ணாடில தன்னையே பாத்துட்டு சண்டைக்கு நிக்கும்."

"சேவலுக்காகவாங்க பீரோ வாங்கறோம்?" என்றார் அப்பா.

"நீங்க எங்க சேவலப் பாத்ததில்லீங்க, சம்மந்தி."

கண்ணாடி இல்லாத பீரோவைத் திறந்தார்கள். "எட்டுதா?" என்றார் அத்தை. சுலபமாக எட்டியது. தலையாட்டினேன். எட்டாத மாதிரி நடித்திருக்கலாம், அந்தப் புத்தி வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது.

கடைக்காரர் விடவில்லை. "இதையும் பாத்துடும்மா," என்று கண்ணாடி பீரோ ஒன்றைத் திறந்தார். அது அரை அடி உயரம் கூடுதல். கையை நீட்டினேன். தட்டுக்கு ஒரு விரல் குறைந்தது. சேலை தரை தொடக் கட்டியிருக்கிறோம், யாருக்கும் தெரியாது என்று குதிகாலைத் தூக்கினேன். சேலையும் கூடவே ஏறும் என்று தோன்றவில்லை.

"எட்டுதுங்க," என்றேன். அந்தக் கடையில் நான் பேசிய முதல் பேச்சு அது.

அத்தை எனக்கு முதுகு காட்டி, எதிர் வரிசைக் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பித் தன் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கண்ணாடியில் என் குதிகாலும் தெரிந்திருக்கிறது.

"சம்மந்தி, இங்க பாருங்க. கால எக்கிகிட்டு எட்டுதுங்கறா."

பீரோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தை கிட்டே வந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சடையை ஒரு இழுப்பு இழுத்து நேராக்கினார்.

"இதையே எடுத்துக்கலாங்க. வூட்ல ஒரு முக்காலி கெடக்குது, ஏறி எடுத்துக்குவா."

"சேவலு?" என்றார் அப்பா.

"அத நான் பாத்துக்கறங்க."

கல்யாணமாகிப் போனதும் முக்காலியைத் தேடினேன். எங்கும் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எங்க வூட்ல ஏது முக்காலி?" என்றார். சேவல் மட்டும் நிஜம். முதல் வாரமே கண்ணாடியைக் கொத்த வந்தது. அத்தை ஒரு பழைய சேலையை மடித்து அதன்மேல் தொங்கவிட்டார். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது சேலையை விலக்கி முதலில் அவர் பார்ப்பார், முன்னும் பின்னும். அப்புறம் என்னைத் திருப்பி நிறுத்தி என் சடையைப் பார்ப்பார். மற்ற நாட்களில் பீரோக் கதவு கிறீச்சிட்டாலே போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "காலு, காலு." நான் எக்கித்தான் நிற்பேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பீரோக் கண்ணாடியிலும் நாளாக ஆக ரசம் போய் மூலைகள் கறுத்துப்போயின. வீட்டை இடித்துக் கட்டியபோது பீரோவைப் பழைய இரும்புக்குப் போட்டோம். அத்தையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தது அதற்கும் முன்னால்.

ஓசூர்க் கடையில், "எட்டுதும்மா," என்றேன் மருமகளிடம். எதிரே இருந்த அலமாரியில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குதிகாலை மெல்லக் கீழே இறக்கினேன்.