படிவத்தில் எழுதாத காஸ்

தோட்டவெளியில் மாமி வீட்டு முற்றத்தில் என் சகலன் குந்தியிருந்து, ஒரு சின்னச் சிலிண்டரைத் தராசில் வைத்துவிட்டு, எண் ஓடி நிற்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்த நேரம். மாமியின் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. மூத்த மகளைக் கட்டிய நானும் இளைய மகளைக் கட்டிய அவரும் ஒரே தொழில். பிரிட்ஜ், ஏசி, மீன் வைக்கும் குளிரறை எல்லாம் திருத்துகிறவர்கள். அவரைவிட ஆறு வருடம் முந்தித் தொழிலுக்கு வந்தவன் நான். என்றாலும் மாமி கூப்பிட்டது அவரை. பெட்டிக்குள் மிச்சமிருந்த, குளிரூட்டும் காஸை ஒரு இயந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அடைத்து, நிறுத்து, கொப்பியில் எழுதினார். நானாக இருந்தால் குழாயை வெட்டிவிட்டு, அது சீறி அடங்கும்வரை ஒரு சிகரட் பிடித்திருப்பேன். மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து முதலில் அவருக்கு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சின்ன மருமோன் காத்தைக்கூட நிறுத்து வைக்கிறார், பாத்தீங்களோ?" என்றார். எனக்கும் தேத்தண்ணி வந்தது. இரண்டாவதாக வந்தது.

அந்த இயந்திரம் எனக்கு வந்திருக்க வேண்டியது. அதைச் சொல்லாமல் என் மனத்தைப் புரியவைக்க முடியாது. அதற்கு ஒரு வருடம் முன்னர் கொழும்பிலிருந்து சுற்றாடல் வேலை பார்க்கும் ஒரு கந்தோர் எங்கள் இருவருக்கும் கடிதம் அனுப்பியிருந்தது. பழைய காஸை வெளியே விடாமல் மீட்டெடுக்கும் முறையைச் சொல்லித் தரப்போகிறோம், ஒரு கிழமைப் பயிற்சி, வாருங்கள் என்றது கடிதம். நான் சிரித்தேன். இருபது வருடமாகக் குழாயில் கை வைக்கிறவனுக்குக் கொழும்பில் என்ன வகுப்பு? "போனா என்ன, ஒரு கிழமைதானே" என்று மனைவி சொன்னாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வெக்கையில் வேலை கூடிவிட்டது, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். சகலன் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சான்றிதழ். பின்னால் லொறியில், மாவட்டத்தில் ஒருவருக்கு மட்டும் பாவிக்கத் தரும் அந்த இயந்திரம். வேண்டாம் என்று நானே தள்ளிய ஒன்றை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் கோபம் வருவதற்கு நியாயமே இல்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு வந்தது கோபமாக இருக்கவில்லை. அது மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவேயில்லை.

பயிற்சியிலிருந்து வந்த புதிதில் அவர் எல்லாரிடமும் அதைப் பற்றியே பேசினார். நாங்கள் அடிக்கிற காஸ் வெளியே போனால் மேலே ஏறி, வெயிலின் கொடுங்கதிரைத் தடுத்து நிற்கும் ஓசோன் படையை அரிக்கும் என்பார். அந்தப் படைக்கு ஒன்றும் செய்யாத புதுக் காஸ்கள்கூடப் பூமியைச் சூடாக்கும் என்பார். நாட்டுக்குள் எவ்வளவு காஸ் வருகிறது, அதில் எவ்வளவு இயந்திரத்துக்குள் இருக்கிறது, எவ்வளவு காற்றோடு போகிறது என்று கொழும்பில் கணக்கெடுத்து உலகத்துக்குச் சொல்ல வேண்டுமாம். "அந்தக் கணக்கு எங்கையிருந்து வருது அண்ணை? எங்கட கையிலையிருந்துதான்" என்று ஒருநாள் என் கடை வாசலில் நின்று சொன்னார். சாதாரணக் கைகள்தான், என்னுடையதைப்போலவே செம்புக் களிம்பு ஏறிய விரல்கள். ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது அவருடைய கைகள் ஏதோ பெரிய காரியத்துக்குப் படைக்கப்பட்டவைபோலத் தெரிந்தன. என் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பேசாலையில் ஒரு முதலாளிக்கு நண்டும் இறாலும் வைக்கும் குளிரறை இருந்தது. எங்கள் கரையில் அதைவிடப் பெரிய வேலை கிடைப்பது அரிது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சகலன். ஒருநாள் முதலாளி என் கடைக்கு வேறு அலுவலாக வந்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போது, நான் ஏதோ தற்செயலாகச் சொல்வதுபோல, "உங்கட கூல் றூமுக்குப் பழைய காஸ்தானே போகுது. மெஷினிலையிருந்து எடுத்ததைத் திரும்ப அதுக்கே அடிக்கிறார்" என்றேன். அது பொய் இல்லை. ஒரு பழுது திருத்துவதற்காக வெளியே எடுத்த காஸைச் சுத்தம் செய்து அதே இயந்திரத்துக்குள் திரும்ப விட்டிருந்தார். செய்ய வேண்டிய முறையே அதுதான். "சுத்தம் செய்து" என்ற இரண்டு சொல்லை மட்டும் நான் விட்டுவிட்டேன். முதலாளியின் முகம் மாறியது. அடுத்த மாதம் அந்தக் குளிரறைப் பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது. சகலன் ஏன் என்று முதலாளியிடம் கேட்கவும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மாமி வீட்டில் சந்தித்தபோது, "மேல்பக்கத்து ஃபான் கொஞ்சம் சத்தம் போடும் அண்ணை, பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

கடலிலிருந்து வருகிற உப்புக்காற்று எங்கள் மன்னார்த் தீவில் எதையும் விட்டு வைப்பதில்லை. செம்புக் குழாயையும் தின்றுவிடும். நான் பொறுப்பெடுத்து மூன்று மாதத்தில் குளிரறையில் காஸ் குறையத் தொடங்கியது. இந்தத் தொழிலில் முதலில் படிப்பது, காஸ் செலவாகிற பொருள் இல்லை என்பதைத்தான். அது குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும்; குறைந்தால் எங்கேயோ ஓட்டை. அதைத் தேட வேண்டுமென்றால் குளிரறையை நிறுத்த வேண்டும், குழாய்களின் மேல் சுற்றிய உறையை உரிக்க வேண்டும், முதலாளிக்குக் காரணம் சொல்ல வேண்டும். 'பழைய ஆள் பார்த்தபோது இந்தக் கரைச்சல் இல்லையே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்கு. அதனால் ஓட்டையைத் தேடாமல் மேலே காஸை அடித்தேன். அடுத்த மாதமும் அடித்தேன். "காஸ் எண்டாக் குறையும்தானே" என்று முதலாளியே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. ஒன்றரை வருடம் இப்படிப் போனது. என் கடைக்குப் பின்னால் வெற்றுச் சிலிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின.

அதற்கிடையில் வந்த வருடக் கடைசியில் சகலன் ஒரு படிவத்தோடு வந்தார். மாவட்டத்துக் கடைகளிலிருந்து அந்தப் படிவங்களைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். எந்தக் காஸ், எவ்வளவு வாங்கியது, புது இயந்திரத்துக்கு எவ்வளவு, ஒழுகிப் போனதை நிரப்ப, அதாவது ஒழுக்குக்காக, எவ்வளவு என்று அதில் கேள்விகள். அவருக்கு முன்னாலேயே இருந்து நிரப்பினேன். ஒழுக்கு என்ற இடத்தில் உண்மையில் கால்வாசியைக்கூட எழுதவில்லை. அவர் வாங்கிப் படித்தார். கண் ஒருமுறை பின்பக்கச் சிலிண்டர் அடுக்குக்குப் போய்த் திரும்பியது.

"அண்ணை, இதிலை எழுதினதும் அங்கை கிடக்கிறதும் ஒத்துவரேல்லைப் போல."

"நீர் எண்ணிப் பாத்தீரோ?"

"இல்லை. பிழை பிடிக்க வரேல்லை. எல்லாரும் இப்பிடிக் குறைச்சு எழுதினா, குறைஞ்சிட்டுது எண்டு கொழும்பிலை நினைப்பினம். மேலை போனது குறையாதுதானே."

"எழுதினது எழுதினதுதான்" என்றேன். அவர் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அன்று அவர் கோபித்திருந்தால், மாமியிடமோ முதலாளியிடமோ போய்ச் சொல்லியிருந்தால், எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். அவரிடம் ஒரு அற்பத்தனத்தைக் கண்டுபிடிக்க நான் எத்தனையோ நாள் காத்திருந்தேன்.

அடுத்த ஆவணியில் மடுக் கோயில் திருவிழாவுக்குச் சனம் போய்க்கொண்டிருந்த கிழமை, குளிரறை நிறைய நண்டு இருக்கும்போது குளிர் இறங்காமல் நின்றுவிட்டது. காஸ் அடிக்கலாம் என்று ஓடினால் ஒரு கடையிலும் காஸ் இல்லை. அந்த வகைக் காஸின் இறக்குமதியை அரசாங்கம் ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டு வந்திருந்தது. மன்னார் ரவுணில் கேட்டேன், முருங்கனில் கேட்டேன், வவுனியாவுக்கும் தொலைபேசி எடுத்தேன். கடைசியில் ஒரு வியாபாரி, "உங்கட சகலனிட்டைக் கேட்டுப் பாக்கேல்லையோ?" என்றார். மீட்டெடுத்த காஸ் அவரிடம் இருக்கும் என்பது எனக்கு முதலே தெரியும். முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கடைசியாகப் போனேன். அவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மச்சாள், என் மனைவியின் தங்கச்சி, மூடி வைத்த கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் காஸை முதலில் எடுக்கவில்லை. நைதரசனைக் குழாய்க்குள் ஏற்றி அழுத்தம் கொடுத்துவிட்டு, சவர்க்கார நுரையும் தூரிகையுமாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போனார். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் உறையை உரித்து நுரையைத் தடவியபோது சின்னதாய் ஒரு குமிழ் வந்தது. உடைந்தது. மீண்டும் வந்தது. ஊசி முனையளவு ஓட்டை. ஒன்றரை வருடம் நான் நிரப்பியதெல்லாம் இதற்குள்ளால் போயிருந்தது. அவர் அதை அடைத்து, தான் கொண்டுவந்த சிலிண்டரைத் தராசில் வைத்து, காஸ் விடத் தொடங்கினார். முதலாளி அருகில் வந்து நின்றார்.

"தம்பி, இது புதுசோ?"

"இல்லை முதலாளி. பழைய ஏசி ஒண்டிலையிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது."

"பழசு கூடாதெண்டல்லோ அண்டைக்கு அண்ணை சொன்னவர். அதுக்குத்தானே உங்களை நிப்பாட்டினனான்."

சகலனின் கை வால்வில் நின்றது. நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்கு அதுவரை தெரியாது என்பது அந்த ஒரு கணத்தில் எனக்குப் புரிந்தது. பிறகு கை மீண்டும் திரும்பியது. "சுத்தம் செய்யாட்டிக் கூடாதுதான். அதைத்தான் அண்ணை சொல்லியிருப்பார்" என்றார். நான் மறைத்த இரண்டு சொல்லையும் அவரே கொண்டுவந்து என் வாயில் வைத்துவிட்டார். குளிர் இறங்கியது, நண்டு தப்பியது. எனக்கு அவரை இன்னும் பிடிக்காமல் போனது. கெட்ட மனிதரோடு போட்டி போடலாம். இப்படி ஒருவரோடு என்ன செய்வது?

குளிரறை அவரிடம் திரும்பிப் போனது. அவரைப் பயிற்சி கொடுப்பவராகவும் எடுத்துக்கொண்டார்கள். போன வருடம் மன்னார் ரவுணில் ஒரு மண்டபத்தில் தொழில்நுட்பக்காரர் எல்லாருக்கும் வகுப்பு நடந்தது. சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இனிமேல் காஸ் வாங்குவது கஷ்டம் என்ற பேச்சு அடிபட்டதால் நானும் போனேன். பின் வரிசையில் கதிரை பிடித்தேன். வெண்பலகைக்கு முன்னால் மடிப்புக் கலையாத சட்டையோடு என் சகலன். எல்லாரும் அவரை "சேர்" என்றார்கள். வயதில் என்னைவிட மூத்தவர்கள்கூட. நான் எவரையும் எதுவும் அழைக்காமல் இருந்தேன்.

மத்தியானத்துக்கு முன் அவர் ஒரு கதை சொன்னார். கடற்கரையில் ஒரு குளிரறை, ஊசி முனையளவு ஓட்டை, அதைத் தேடாமல் ஒன்றரை வருடம் மேலே மேலே காஸ் அடித்த ஒரு மெக்கானிக். இடம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. என் காது சுட்டது. நானாட்டானிலிருந்து வந்த, உழவு இயந்திரங்களுக்கு ஏசி திருத்துகிற ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆர் சேர் அந்த விசரன்?" என்று கேட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சகலன் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான்" என்றார். "அப்ப எனக்கு விளங்கேல்லை."

சிரிப்பு நின்றது. முன் வரிசைக்காரர்களின் முகத்தில் ஒரு மரியாதை வந்து படிந்ததைப் பார்த்தேன். தன் பிழையை இத்தனை பேருக்கு முன் ஒத்துக்கொள்கிற மனிதர் என்று அவரைப் பார்த்தார்கள். அந்தப் பிழை என்னுடையது. எழுந்தேன்.

"அது அவரில்லை. நான்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்படி உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. இடைவேளையில் இரண்டு மூன்று பேர் வந்து என் கையைப் பிடித்து, பெரிய மனம் அண்ணை என்றார்கள். சகலன் கடைசியாக வந்தார்.

"ஏன் அண்ணை எழும்பினனீங்கள்? நான் சமாளிச்சிருப்பன்தானே."

"அதையும் நீர் எடுத்துக்கொண்டு போறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். "பெரிய மனம் ஒண்டும் இல்லை. பொறாமை."

அவர் என்னைப் பார்த்தார். அதிர்ச்சி இல்லை, இரக்கமும் இல்லை. இவ்வளவு காலமும் தெரிந்திருந்ததுபோலத் தலையை ஆட்டினார். பிறகு தன் பையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். "அப்ப அந்த வருசத்துக் கணக்கைத் திருத்தித் தாங்கோ. இப்பவும் அனுப்பலாம்."

அந்த மண்டபத்தின் மூலையில் இருந்து எழுதினேன். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, ஒழுக்கு என்ற இடத்தில், குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்தார். தன் கோப்பிலிருந்த அந்த வருட மாவட்டப் பட்டியலைப் புரட்டி, என் கடைக்கு நேரே இருந்த எண்ணை வெட்டிப் புதியதை எழுதினார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். வேறெந்தக் கடையின் எண்ணும் அதற்குக் கிட்ட வரவில்லை. கீழே அவருடைய கடை. அதற்கு நேரே மிகச் சின்ன ஒரு எண். இத்தனை வருடத்தில் அவரை நான் முந்திய ஒரே இடம் அதுதான். அந்தப் பட்டியல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து நாட்டின் கணக்கோடு சேர்ந்து, எங்கேயோ உலகத்தின் கணக்கிலும் சேர்ந்திருக்கும்.