வேலூருக்கு எடுத்துப்போன ரவிக்கைகள்

ஆரணி கொசப்பாளையத்தில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை என்றால் லாவண்யாவைத்தான் கைகாட்டுவார்கள். கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து அவள் போடாத மயில் இல்லை. கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்தவள். படிப்பு முடிந்த கையோடு பட்டுச்சேலை வியாபாரி சந்திரமோகனைக் கட்டிக்கொண்டாள். மாடியில் துணி மாட்டும் சட்டத்தைப் போட்டு உட்கார்ந்தவள், பத்துப் பன்னிரண்டு வருடமாக எழுந்திருக்கவே இல்லை.

வேலூரில் ஒரு தனியார் கல்லூரி எம்ப்ராய்டரி ஆசிரியர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. சும்மா விண்ணப்பம் போட்டு வைத்தாள். நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ‘உங்கள் சிறந்த கைவேலைகளும் வரைந்த நோட்டுகளும் கொண்டுவரவும். அதிகம் வேண்டாம்’ என்றது செய்தி.

பீரோவைத் திறந்தபோதுதான் உறைத்தது. அதிகம் என்ன, காட்டுகிற மாதிரி ஒன்றுகூட வீட்டில் இல்லை. நன்றாக வந்ததெல்லாம் யார் யார் உடம்பிலோ ஏறிப் போய்விட்டது. மிஞ்சியவை காது கோணிய யானை ஒன்றும், சாயம் இறங்கியதால் திரும்பி வந்த ஒரு ரவிக்கைக் கையும்தான்.

“போன்ல போட்டோ இருக்குதில்ல, அத்த காட்டு” என்றான் சந்திரமோகன்.

“துணியத் தொட்டுப் பாப்பாங்க.”

தான் போட்டதிலேயே நல்லது எது என்று யோசித்தாள். சேத்துப்பட்டு சசிகலாவின் கல்யாண ரவிக்கை நினைவுக்கு வந்தது. முதுகு நிறைய கோபுரம். மறுநாளே பஸ் ஏறிப் போனாள். சசிகலா எடுத்து வந்து நீட்டியதும் லாவண்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை என்று நினைத்திருந்தாள், துணி நீலமாக இருந்தது. கோபுரம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“இது நான் போட்டதா?”

“இன்னாக்கா இப்படி கேக்கறீங்க? நீங்கதான கொண்டாந்து குடுத்தீங்க. எடுத்துகினு போறீங்களே, அப்படியே பக்கத்துல கொஞ்சம் விட்டுக் குடுங்க. இப்ப பத்தல.”

வீட்டுக்கு வந்து பக்கத்துத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலம் விட்டாள். கை துறுதுறுத்தது. சாய்ந்த கோபுரத்தையும் நிமிர்த்திவிடலாமா? ஒரு வரிசையைப் பிரித்தாள். பிறகு இது ஏமாற்று வேலையோ என்று தோன்றவே, பிரித்ததைப் பழையபடியே சாய்வாகப் போட்டுவைத்தாள்.

நோட்டுகள் இன்னும் பேஜார். கல்லூரி நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் நெட்டைக்கால் பெண்கள். ஒருத்திக்கும் முகம் இல்லை. ஒரு பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தது. எது நன்று என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதற்கப்புறம் நோட்டில் வரைந்ததே கிடையாது. மெல்லிய தாளில் வரைந்து, ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைத் தேய்த்துத் துணியில் இறக்கிவிடுவாள். அந்தத் தாள்கள் மட்டும் கறை படிந்து ஒரு கட்டு கிடந்தன.

கூடப் படித்த லீலாவுக்கு போன் போட்டாள்.

“முடிஞ்ச வேலைய யாருடி பாக்கறாங்க? நீ எப்படி யோசிச்சன்னு காட்டு.”

“நான் எங்கடி யோசிச்சேன்? போடச் சொன்னாங்க, போட்டேன்.”

சந்திரமோகன் தன் வியாபாரத்திலிருந்து ஒரு வழி சொன்னான். “கடையில நாப்பது சேல விரிச்சா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. நாலு விரி.”

“எந்த நாலு?”

“அது கஸ்டமர் மூஞ்சியப் பாத்தாதான் தெரியும்.”

லாவண்யா எந்த மூஞ்சியைப் பார்ப்பாள்? நேர்காணலன்று கோபுர ரவிக்கை, அக்கம்பக்கத்தில் தானே போட்டுக் கொடுத்து இப்போது இரவல் வாங்கிய இரண்டு ரவிக்கைகள், யானை, முகமில்லாப் பெண்கள், கறைத்தாள் கட்டு எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். “யாரும்மா கெரசின் எடுத்துகினு வர்றது?” அவள் பையை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லூரியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரவிக்கையை உள்பக்கம் புரட்டி முடிச்சுகளைப் பார்த்தார். ஒரு அம்மாள் நோட்டைப் புரட்டி, “ஏன் முகமே இல்ல?” என்றார். “அப்ப யாருமே போட மாட்டாங்க மேடம்.” மூன்றாமவர் கறைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இந்த டிசைன் உங்களோடதா?”

“பொண்ணு வீட்டுக்காரங்க போன்ல ஒண்ணு காட்டுனாங்க சார். நான் மாத்திப் போட்டேன்.”

“எவ்வளவு மாத்தினீங்க?”

தாளை வாங்கிப் பார்த்தாள். கொடி அவர்களுடையதா, பூ தன்னுடையதா, இல்லை மாறியா? எவ்வளவு பார்த்தும் பிரித்தெடுக்க முடியவில்லை. “தெரியல சார்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார். அது எதற்கான தலையாட்டல் என்றும் விளங்கவில்லை. திரும்பும்போது வேலை போச்சு என்று நினைத்தாள். பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் கிடைத்தாலும் கிடைக்கும் என்று பட்டது.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “திங்கக்கிழம வந்து சேந்துக்குங்க மேடம். முதல் வருஷத்துக்கு ட்ராயிங் கிளாஸ்.”

“ட்ராயிங்கா? நான் எம்ப்ராய்டரிக்குத்தானம்மா வந்தேன்?”

“இங்க ட்ராயிங்னுதான் போட்டிருக்குது.”

“எதப் பாத்து எடுத்தாங்க?”

“அது எனக்குத் தெரியாதுங்க. வர்றீங்கதான?”

வருகிறேன் என்றாள். சந்திரமோகனிடம் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“நல்லதுதான?”

“நல்லதுதான். ஆனா அவங்க எதுலங்க மயங்கனாங்க?”

அவன் வேலூருக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வரக் கிளம்பினான்.