வடக்கே தலை வைத்த பெட்டி

வடக்கே தலைவைத்துப் படுக்கிறவர்களைக் கண்டால் ரெங்கம்மாளுக்கு ஆகாது. கல்யாணமாகி வந்த அன்றைக்கே புருஷன் கண்ணபிரானின் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டவள். தங்கச்சி பிரசவத்துக்குத் துணை போன ஆஸ்பத்திரியில் நாலு கட்டிலைத் திருப்பிவிட்டு, நர்ஸிடம் வசவும் வாங்கினாள். வசவெல்லாம் அவளுக்கு ஆடு தும்முகிற மாதிரி. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்க தலைவைக்காதன்னு சும்மாவா சொன்னாவ?" என்பாள்.

நாகலாபுரத்துக்கு மேற்கே அவள் ஆடு மேய்க்கிற பொட்டலில் ஒரு பாறை உண்டு. சுற்றியுள்ள கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அதை நம்பி நிலநடுக்கம் பதிகிற கருவியை வைக்க முடியாது. அதனால் ஹைதராபாத்தில் பூமி ஆராய்ச்சி செய்கிற தங்கப்பாண்டியன், 2002 புரட்டாசியில், அந்தப் பாறையில் குழி வெட்டி ஒரு கருவியை இறக்கினான். கோவில்பட்டிப் பிள்ளைதான். குழிமூடியின் சாவியை ரெங்கம்மாளிடம் கொடுத்தான்.

"ஈரம் எறங்குனா தொடைங்கக்கா. மேல கண்ணாடிக்குள்ள இருக்க குமிழி நடுவுல நிக்கணும், அப்பத்தான் கருவி சாயாம மட்டமா இருக்கும், அம்புட்டுதான்" என்று, கருவியின் கால் திருகுகளைத் திருகவும் காட்டிவிட்டுப் போனான்.

ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரம் கண்டது. துடைக்கும்போதுதான் கருவியின் மேலிருந்த சிவப்பு அம்பைப் பார்த்தாள். தெர்மாகோல் போர்த்திப் பச்சைப்பிள்ளைபோலக் கிடந்த அதற்கு வயர் பக்கம் கால், அம்பு முனை தலை என்று அவளுக்குப் பட்டது. முனை நேர் வடக்கே! மனசு கேட்கவில்லை. கிழக்கே திருப்பி, குமிழியை நடுவில் நிறுத்தி, மூடிப் பூட்டினாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் எந்தக் குறையுமில்லை. ஊரில் அவள் பெயரே மெஷின்காரம்மா என்றாகிவிட்டது. பிறகு ஒருநாள் தங்கப்பாண்டியன் கடலைமிட்டாயோடு வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, உழுத புஞ்சையில சால் போக்குல நடக்கது லேசா, குறுக்க நடக்கது லேசா?"

"சால் போக்குலதான். குறுக்க போனா கால் இடறுமே."

"நூறு மைலுக்குக் கீழ இருக்க பாறையும் அப்படித்தான். கட்டியா இருந்துக்கிட்டே, வருசத்துக்கு நகம் வளருத அளவு நகருது. நகர நகர உள்ள இருக்க மணியெல்லாம் ஒரு பக்கமா வரிசை கட்டிரும். எங்கயோ பூகம்பம் வந்தா, அந்த அதிர்வு அதுக்குள்ள ரெண்டாப் பிரிஞ்சு வரும். வரிசைப் போக்குல ஆடுதது முந்தும், குறுக்க ஆடுதது பிந்தும். முந்துனது எந்தத் திசையில ஆடுச்சுன்னு பாத்தா..."

"ஏரு போன பக்கம் தெரிஞ்சிரும்."

"அதேதான்! இதே மாதிரி கருவி வச்ச மத்த எட்டு இடத்துலயும் ஒரே போக்கு. உங்க பாறைக்கு அடியில மட்டும் நேர் குறுக்க! அடுத்த வாரம் பெரிய சபையில வாசிக்கப் போறேன். உங்க பேரும் இருக்கு."

நேர் குறுக்கே என்றதும் ரெங்கம்மாளுக்குத் தான் திருப்பிவைத்த அம்பு நினைவுக்கு வந்தது.

"அந்தச் செவப்பு அம்பு எதுக்கு தம்பி?"

"அதுதான வடக்கக் காட்டுது. அத வச்சுத்தான் எல்லாத் திசையும்."

தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள். கண்ணபிரானிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏட்டி, வாயத் தொறக்காத. சாவியப் புடுங்கிருவான்."

உண்மைதான். அதுவரை அவளை நம்பி யாரும் எந்தச் சாவியையும் கொடுத்ததில்லை. ஆனால் நாலு படித்தவர்கள் நடுவே அந்தப் பிள்ளை கேலிக்கு ஆளாவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து சாவியை நீட்டினாள்.

"அது வடக்க தலைவச்சுக் கெடந்துச்சு தம்பி. நான்தான் கெழக்க திருப்புனேன்."

கடித்த மிட்டாயை அவன் கீழே வைத்தான். அவன் கண்டுபிடிப்பு அங்கேயே செத்தது.

"என்னைக்கு?"

"ஐப்பசி பதினெட்டு. கருப்பி ரெட்டைக்குட்டி போட்ட அன்னைக்குக் காலையில."

எழுந்து பாறைக்குப் போனார்கள். அவளுடைய சாவியாலேயே திறந்து, காந்த ஊசியை வைத்துப் பார்த்தான். அம்பு பிசகாமல் கிழக்கே நின்றது. குமிழியும் நடுவில்தான்.

"தேதியும் தெரியுது, திசையும் தெரியுது. கணக்குலயே திருப்பிரலாம்க்கா. இங்கயும் அந்த எட்டு மாதிரியேதான் ஓடுது." பெருமூச்சு விட்டான்; பிறகு சிரித்தான். "அம்பப் பத்திச் சொல்லாமப் போனது என் தப்பு. சபையில என் மானத்தக் காப்பாத்துனீங்க."

அவன் கருவியை வடக்கே திருப்பியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வடக்க தலைவச்சா என்னக்கா ஆவும்?"

"உறக்கம் வராது."

"இது உறங்கவே கூடாதுக்கா. முழிச்சிருக்கத்தான் இங்கன வச்சிருக்கு."

ரெங்கம்மாள் யோசித்தாள். அவன் மூடியைப் பூட்டி, சாவியை அவள் பக்கமே நீட்டினான்.

"அப்பச் சரி, முழிச்சே கெடக்கட்டும்" என்று அதை வாங்கி முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.